தண்ணீர் வரிசையில் முப்பத்து மூன்று ஆண்

இருபத்து மூன்றாவது செடியும் ஆணாகத்தான் இருந்தது. செண்பகவல்லி லென்சைக் கண்ணோடு ஒட்டவைத்து, நாலாவது கணுவில் இலைக்காம்பு தண்டைத் தொடுகிற கவட்டைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். நேற்று இல்லாத வெள்ளை மயிர் இரண்டு இன்றைக்கு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்னொரு தரமும் பார்த்தாள். பெண்பூ என்றால் இரண்டு வெள்ளை மயிர், பூனைக்குட்டி மீசை மாதிரி. ஆண்பூ என்றால் காம்பு வைத்த பச்சை உருண்டை, குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. உருண்டைதான். நோட்டில் இருபத்து மூன்றுக்கு நேரே 'ஆ' போட்டாள். மேலே இருந்து பார்த்துக்கொண்டு வந்தால் ஆ, ஆ, ஆ, பெ, ஆ, ஆ என்று ஒரே வாய்பிளந்த கூட்டமாக இருந்தது. இருபத்து மூன்றில் பத்தொன்பது. இது தண்ணீர் வரிசை, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தது, இதில் பாதிக்குப் பாதி வரவேண்டும், நாற்பதில் இருபது, போனால் போகிறது இருபத்து நாலு. பக்கத்து வரிசை இலைக்கு ஜிப்ரலின் என்கிற வளர்ச்சி ஊக்கி தெளித்தது, அதில் ஆண் அதிகம் வரவேண்டும், வந்திருக்கிறது. அதற்கும் அடுத்தது வேருக்கு இன்னொரு ஊக்கி, சைட்டோகைனின், ஊற்றியது, அதில் பெண் அதிகம் வரவேண்டும், அதுவும் வந்திருக்கிறது. மூன்று வரிசை, நூற்றிருபது கறுப்புப் பை, பைக்கு ஒரு கஞ்சாச் செடி. போதை இல்லாத நார் ரகம், அரசாங்க உரிமம் வாங்கி வளர்ப்பது. மருந்து வைத்த இரண்டு வரிசையும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்க, ஒன்றுமே செய்யாமல் சும்மா விட்ட வரிசை மட்டும் இப்படிக் காலை வாரிவிட்டதே. சும்மா விட்டாயா, என்று ஒன்று உள்ளே கேட்டது. அவள் இருபத்து நாலாவது பைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மலையிலிருந்து இறங்கிய சாரல் நிழல்வலையில் பட்டு மாவு சலித்த மாதிரி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. லென்சில் ஈரம். துப்பட்டா நுனியால் துடைத்தாள். மணி இரண்டரை இருக்கும். நாலு மணிக்கு ஜீப் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது, அதற்குள் எண்ணி முடிக்க வேண்டும், அந்த எண்ணிக்கையோடு கடிதமும் போக வேண்டும். காலையில் மகரபூஷணம் சார், அவளுடைய கைடு, முதல் பத்துச் செடியின் கணக்கைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். "வெறுந்தண்ணிக்கே ஆம்பளையாகும்னா தென்காசில பொம்பளப்புள்ளையே பொறந்திருக்காதேம்மா. ஜிப்ரலின் விழுந்திருக்கு. அந்த ஆளு பாட்டில மாத்தி அடிச்சிருக்கான், வேற என்ன?" அவ்வளவுதான், அரை நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள்தான் கம்ப்யூட்டரில் அடித்தாள், சாருக்குத் தமிழ் அடிக்க வராது. 'மேற்படி தினக்கூலிப் பணியாளரின் கவனக்குறைவால் ஆய்வு பாதிக்கப்பட்டுள்ளபடியால் அவரை இப்பணியிலிருந்து விடுவிக்குமாறு.' மேற்படி என்று அடிக்கும்போது ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போய், அவளே பின்னால் போய்த் திருத்தினாள். விரல் அதன் பாட்டுக்கு அதைச் செய்தது. கீழே இரண்டு கையெழுத்து, ஒன்று சாருடையது, இன்னொன்று ஆய்வுக்குப் பொறுப்பான மாணவி என்று அவளுடையது. மேற்படி பணியாளர் என்றால் சுடலைமுத்து அண்ணாச்சி. பதினாலு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரம் ஆக்குகிற பட்டியல் போன மாதம்தான் மேலே போயிருக்கிறது, அதில் மூன்றாவது பெயர் அவருடையது. இப்போது இந்தக் காகிதமும் அதே மேஜைக்குப் போகும். இருபத்து நாலு, ஆண். இருபத்தைந்து, அப்பாடா, பெண், இரண்டு மயிரும் நல்ல வெள்ளை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு செடி பெண்ணாகிவிட்டதற்காக அழுகிற கூத்தை வெளியே யாரிடம் சொல்ல முடியும்.

வெளியே எதைத்தான் சொல்ல முடிந்தது. கண்டக்டர் தினமும் இந்த நிறுத்தம் வந்தால், "கஞ்சாக் காலேஜெல்லாம் எறங்கு" என்று கத்துவான், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அம்மா கோவில்பட்டியில் அக்கம்பக்கத்தில் மகள் மூலிகை ஆராய்ச்சி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா, "மூலிகைன்னா நல்லதாப்போச்சு, எனக்கு மூட்டுவலிக்கு ஏதும் இருந்தாச் சொல்லு தாயி" என்று காலை நீட்டிவிட்டாள். செண்பகவல்லி பதில் சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லியும் வராதவள் என்று எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள். குரல் சின்னதாக இருந்தால் எவ்வளவோ சௌகரியம், சொல்லாமல் விட்டதையும் சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், சார் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். வாயெடுத்தாயா? எடுத்தேன். எப்போது? அதுதான் வரவில்லை, எப்போது என்பது மட்டும் வரவில்லை. விரலில் செடியின் பிசின் ஒட்டிக் கறுத்திருந்தது. சோப்புப் போட்டாலும் போகாத வாசனை, பச்சை மாங்காயும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, சோறு பிசைந்தால் சோற்றில் வரும். அன்றைக்கு அந்த வாசனை இல்லை. அன்றைக்கு நாற்றுகளுக்குப் பதினைந்து நாள்தான், வாசனை வைக்கிற வயசில்லை, தண்ணீரில் போட்டால் முளைக்கீரை மாதிரி மிதந்தன. மிதந்தன என்று நினைத்ததும் அவள் அவசரமாக லென்சை எடுத்து இருபத்தாறாவது செடியின் கவட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆண்.

"யம்மா, தேத்தண்ணி." சுடலைமுத்து வலைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார், ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், தலையில் சாரலுக்கு உரச்சாக்குக் கொங்காணி. "ஆறிப்போவும், குடிங்க. எத்தன தேறிச்சி?" அவள் நோட்டை மடியோடு சாத்திக்கொண்டாள். "இன்னும் முடியல அண்ணாச்சி." "பொம்பளையா ஒண்ணுகூட இல்லையா? எங்க வீட்டுக்கு அனுப்புங்க இதுகள, நாலும் பொட்டையாப் பெத்து வச்சிருக்கேன். பக்கத்துல வச்சா ராசி மாறட்டும்." அவரே சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். எதிரே குந்தி உட்கார்ந்து இருபத்தேழாவது பையிலிருந்து ஒரு களையை நகத்தால் கிள்ளினார். "ஆபீஸ்ல பேசிக்கிட்டாவ. சார் எம்மேல லெட்டர் எழுதுதாராம்லா." செண்பகவல்லி டம்ளரை வாயில் வைத்தாள், சுட்டது, எடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணுதான் வெளங்கல யம்மா. செவப்புப் பட்டை ஒட்டின பாட்டிலு ரெண்டாம் வருசைக்கு, நீலப்பட்டை மூணாம் வருசைக்கு, பட்டை இல்லாதது தண்ணி. இங்கிலீசு எழுத்து நமக்கு ஓடாதுன்னு நானே ஒட்டினது. கண்ணக் கட்டி விட்டாலும் எடுப்பேன்னு சொல்லிட்டுத்தான் திரிஞ்சேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அதன் ஒரு காதில் சணல் கட்டியிருந்தது. "ஆனா கண்ணுல பொறை விழுந்திருக்குன்னு டாக்டரு சொன்னாரு. ஒருவேள ஒருநா, பொழுதடையிற மசண்ட நேரத்துல, நாந்தான் மாத்தி அடிச்சிருப்பனோன்னு கெடக்கு. காலையிலேருந்து ஒரு வேலையும் ஓடல. ஒவ்வொரு நாளா யோசிச்சிப் பாக்கேன், பிடி கிடைக்க மாட்டங்கு." அவர் முகத்தை அவள் பார்த்தாள். செய்யாத ஒன்றைத் தன் ஞாபகத்துக்குள் துழாவித் துழாவித் தேடிக்கொண்டிருக்கிற முகம். இன்னும் இரண்டு நாள் தேடினால் கிடைத்துவிடும் போலிருந்தது. "அப்படியெல்லாம் இருக்காது அண்ணாச்சி," என்றாள். "என்ன யம்மா?" கேட்கவில்லை அவருக்கு. இன்னொரு தரம் அவள் சொல்லவில்லை. "சரி, நீங்க எண்ணுங்க, நான் வேற நின்னு கெடுக்கேன்," என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

இருபத்தேழு ஆண். இருபத்தெட்டு ஆண். மாத்தி அடிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கண் முன்னாலேயே நிற்கிறது, பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கலாம். ஜிப்ரலின் பட்ட செடி கொடி மாதிரி நீளும், கணுவுக்குக் கணு ஒரு சாண் தள்ளிப்போகும், வெளுத்துப்போகும். ரெண்டாம் வரிசை அப்படித்தான் இடுப்புயரம் வளர்ந்து சாய்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் வரிசை? அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வைத்தாள். முப்பத்தொரு சென்டிமீட்டர். பக்கத்தில் முப்பது. ரெண்டாம் வரிசையில் ஒன்றுக்கு வைத்தால் எண்பத்தேழு. மூன்றாம் வரிசையில்கூட ஐம்பதுக்குக் குறையாது. ஜிப்ரலின் குடித்த செடி எங்கேயாவது குட்டையாகுமா? இது வேறே ஏதோ ஒன்று, இது கொடுத்ததால் வந்ததில்லை, பிடுங்கியதால் வந்தது. சார் காலையில் இருந்து இந்த நிழல்வலைக் கூடத்துக்குள் வரவே இல்லை, நோட்டை மட்டும்தான் பார்த்தார். வந்து பார்த்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார், நான் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. வரவில்லை என்பது அவர் தப்பு. வேர் அளவு எடுக்கச் சொன்னதும் அவர் தப்புதானே. 'டிரேல இருந்து பைக்கு மாத்துறப்போ வேர் நீளமும் ஒரு அளவு எடுத்துப் போட்டுடு செண்பகம்,' என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னார், பால்காரனிடம் கால் லிட்டர் கூடச் சொல்வதுபோல. வேர் அளக்க வேண்டுமானால் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் நாற்று வளர்த்து, அதைக் கொன்றுதான் அளப்பார்கள். இங்கே உரிமமே நூற்றிருபது விதைக்குத்தான். நூற்றிருபத்தொன்றாவது விதை முளைத்தால் அது கேஸ். திங்கள்கிழமைதோறும் கலால்துறை அதிகாரி வந்து தலை எண்ணுவார், ஒன்று செத்தாலும் அதன் பிணத்தைக் காயவைத்து, எண் அட்டையோடு அவரிடம் காட்டி, அவர் முன்னால் எரித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் கொல்லாமல் அளக்கலாம் என்று நினைத்தாள். கழுவி, அளந்து, திரும்ப நட்டுவிடலாம் என்று. கழுவச் சொன்னாரா சார்? கழுவாமல் எப்படி அளக்க? கழுவச் சொன்னாரா? சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது. சுடலைமுத்து குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். அவர் இருந்தால் டிரேயின் அடியில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, தென்னைநார்த் தூளோடு நாற்று பணியாரம் மாதிரி முழுசாக வெளியே வரும், அப்படியே பையில் இறக்குவார், வேருக்குத் தான் இடம் மாறியதே தெரியாது. இவள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்தாள். டிரேயின் ஓட்டை வழியாக வேர் இறங்கிக் கீழே விரித்த சாக்கில் பின்னிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. முதல் நாற்று வரும்போது ஒரு சத்தம், சத்தம்கூட இல்லை, விரலுக்கு மட்டும் கேட்கிற ஒரு டிக். கழுத்தோடு முறிந்திருந்தது. ஒன்றுதானே என்று அடுத்ததை இழுத்தாள், டிக். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று இத்தனை நாளில் நூறு தரம் கேட்டுப் பார்த்தாயிற்று. அடுத்ததாவது முழுசாக வரும், வந்தால் முந்தினது எல்லாம் சரியாகிவிடும் என்று கை போய்க்கொண்டே இருந்தது, தண்ணீர் வரிசைக்கான நாற்பதும் தீரும் வரைக்கும். நாலைந்து தப்பித்திருக்கலாம். பிறகு வாளியில் மிதந்ததையெல்லாம் எடுத்து, முறிந்த தண்டுகளை ஈரத் தூளில் குச்சி ஊன்றுவதுபோல ஊன்றி, நோட்டில் 'வேர் அளவு எடுக்கவில்லை' என்று எழுதிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாள் காலையில் சுடலைமுத்து வந்து பார்த்திருக்கிறார், நாற்பதும் தலைகுப்புறக் கிடக்கிறது. அவர் கொடைச் சந்தனம் நெற்றியில் காய்வதற்குள் சாக்கு நனைத்துக் கூடாரம் போட்டு, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்து, ஒன்பது நாளில் நாற்பதையும் நிமிர்த்திவிட்டார். ஒன்றுகூடச் சாகவில்லை. மற்ற எண்பதையும் அவரே பைக்கு மாற்றினார். கலால் அதிகாரி வந்து நூற்றிருபது சரி என்று கையெழுத்துப் போட்டார். "என்ன யம்மா, இந்த வருசை மட்டும் இப்படித் தொவண்டு கெடக்கு?" என்று சுடலைமுத்து கேட்டபோது, "வெயில் அண்ணாச்சி" என்றாள். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

முப்பத்து மூன்று ஆண். முப்பத்து நாலு ஆண். கோவில்பட்டியில் பக்கத்து வீட்டு அத்தை பப்பாளி மரத்துக்கு ஆணி அடிப்பாள். பூவாகப் பூத்துத் தள்ளும், காய்க்காது, ஆண்மரம். "அடிச்சா மாறும்டி, நோவு தெரிஞ்சாத்தான் புத்தி வரும்" என்று அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து அடித்தாள். மாறியதா? ஞாபகம் இல்லை. போன வாரம் நூலகத்தில் ஒரு பழைய ஜெராக்ஸ் கட்டில் அதையே வேறு விதமாக எழுதியிருந்தார்கள். வேர் கீழே இருந்து சைட்டோகைனினை மேலே அனுப்புகிறது, இலை ஜிப்ரலினை அனுப்புகிறது, வேரின் பேச்சு எடுபட்டால் பெண், இலையின் பேச்சு எடுபட்டால் ஆண். இளம் நாற்றில் வேரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் ஆணாகிவிடுகிறது, அதே நாற்றுக்கு வேர் கொடுக்க வேண்டியதைக் கையால் கொடுத்தால் மறுபடியும் பெண். படித்துவிட்டு அந்தக் கட்டை வேறு ஒரு அலமாரியில், வேறு ஒரு வரிசையில் செருகிவிட்டு வந்தாள். ஏன் அப்படிச் செய்தாள்? சார் நூலகத்துக்குப் போய் வருஷம் எத்தனையோ ஆயிற்று. ஆனாலும் செருகினாள். சொன்னால் என்ன ஆகும்? இதுவரை செய்த ஒன்றரை வருஷ வேலை போகும். விதைக்கு மறுபடி எழுதிப்போட்டு, உரிமம் புதுப்பித்து, வந்து சேரக் குறைந்தது எட்டு மாதம், அதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு கோவில்பட்டி, பெண் பார்க்க வருகிற பெரியம்மாக்கள். சொல்லாவிட்டால்? தண்ணீர் வரிசையைப் பணியாளர் தவறு என்று ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக் கட்டுரை எழுதலாம், சாரே வழி சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு வேறு வேலை கிடைக்காதா? கிடைக்கும். கண்ணில் புரை விழுந்த ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு. முப்பத்தேழு ஆண். முப்பத்தெட்டு பெண். முப்பத்தொன்பது ஆண். நாற்பதாவது செடியில் அவளுக்குக் கண்ணே நிற்கவில்லை, உருண்டையா மயிரா, தண்ணீர் திரையிட்டு உருண்டைக்கே மயிர் முளைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஆண். கூட்டினாள். முப்பத்து மூன்று. மறுபடி கூட்டினாள், கீழிருந்து மேலே. எண்களுக்கு இரக்கம் என்பது கிடையாது.

ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. சார் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் கடிதம். பின்னால் கொஞ்சம் தள்ளி, கொங்காணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுடலைமுத்து. யாரும் கூப்பிடவில்லை அவரை, தானாக வந்து நின்றார், தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி. "எத்தனம்மா?"

"முப்பத்து மூணு சார்."

"பாத்தியா. போடு." உறையை நாற்பதாவது பைக்குப் பக்கத்து மேடையில் வைத்து, கடிதத்தை வெளியே எடுத்து, பேனாவை நீட்டினார். அவள் வாங்கினாள். காகிதத்தில் தன் பெயர் அச்சில் இருந்தது, அதற்கு மேலே வெள்ளையாக ஒரு இடம். சார், என்று சொன்னாள். அவர் ஜீப் பக்கம் திரும்பி டிரைவரிடம் ரெண்டே நிமிஷம் என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். சார், என்று இன்னொரு தரம். சாரல் வலையில் விழுகிற சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு எதை ஜெயிக்க முடியும், இது காலம் பூராவும் பாதியில் நின்றுபோகிற குரல், இன்றைக்கும் நின்றுபோகும், அவர் திரும்புவார், நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன், விரல் அதன் பாட்டுக்கு அதைச் செய்யும். விரல். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நாற்பதாவது செடியின் அடித்தண்டைத் தூளை ஒட்டிப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"யம்மா!" சுடலைமுத்துதான் கத்தினார். "ஐயோ, எண்ணம் கொறையுமே! கலால்காரன் கேப்பானே யம்மா, என்ன காரியம் பண்ணுதிய!" ஓடிவந்து பறிக்கப் போனார். அவள் அதற்குள் ரெண்டாம் வரிசைக்குப் போய் அங்கேயும் ஒன்றைப் பிடுங்கியிருந்தாள். இரண்டையும் தூளை உதறி மேடையில் கடிதத்தின் மேலேயே பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். ரெண்டாம் வரிசைச் செடிக்கு நடுவேர் வெள்ளையாக, பையின் அடியைத் தொட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நீண்டு கிடந்தது. தண்ணீர் வரிசைச் செடிக்கு நடுவேர் என்று ஒன்று இல்லை. கழுத்தில் பழுப்பாக ஒரு முண்டு, ஆறிப்போன புண், அதைச் சுற்றித் தேய்ந்த விளக்குமாறு மாதிரிக் கொஞ்சம் சல்லிவேர். சார் குனிந்து பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பாட்டிலை மாற்றினால் வேர் முறியாது என்று தெரியாத மனுஷர் இல்லை அவர்.

"டிரேல இருந்து மாத்தினப்போ நான் கழுவினேன் சார்," என்றாள். "வேர் அளக்க. நாப்பதையும். முறிஞ்சிருச்சு. திரும்ப ஊணிவச்சேன்." இவ்வளவுதான் இருந்தது சொல்ல. இரண்டு மாதமாக வயிற்றில் கிடந்தது ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தீர்ந்துபோயிற்று. எல்லோருக்கும் கேட்டது.

சார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு செடிகளுக்கு அடியிலிருந்து கடிதத்தை உருவினார், தூளும் ஈரமும் அப்பியிருந்தது, அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "கலாலுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ நாளைக்குக் காலையில ரூமுக்கு வா," என்றார். வழக்கமாகச் சேர்க்கிற 'அம்மா'வைச் சேர்க்கவில்லை.

சுடலைமுத்து மேடைக்கு வந்து, பிடுங்கிய இரண்டு செடியையும் எடுத்து, எண் அட்டை மாறிவிடாமல் தனித்தனியாகச் சணலால் கட்டினார், காயப்போட. கட்டிக்கொண்டே சாரிடம்தான் சொன்னார்: "அப்போ செவப்பு செவப்பாத்தான் இருந்திருக்கு சார். நான் மாத்தல." சொல்லிவிட்டு முறிந்த கழுத்தின் முண்டைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். அந்தச் செடியை நிமிர்த்துவதற்கு ஒன்பது நாள் சாக்கு நனைத்த விரல் அது. அவர் திரும்பித் தன்னை ஒரு பார்வை பார்ப்பார், வைதாலும் வைவார் என்று செண்பகவல்லி பிசின் ஒட்டிய கையோடு அப்படியே நின்றாள். அவர் முதுகைக் காட்டியபடி வலைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சாரலுக்குள் இறங்கிப் போனார். டிரைவர் ரெண்டாம் தடவை ஹார்ன் அடித்தான்.